தலை தீபாவளி லேப்டாப்பும் ஒரு மெயின் சுவிட்சும்

மாப்பிள்ளையிடம் பேசுவதற்கு ஒரு மாமனாரிடம் மொத்தம் மூன்றே கேள்விகள்தான் உண்டு. "எப்ப வந்தீங்க?", "சாப்பிட்டீங்களா?", "ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" மூன்றும் தீர்ந்துவிட்டால் இருவரும் சேர்ந்து மின்விசிறியைப் பார்க்க வேண்டியதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் வசதி. நான் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். மின்விசிறியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சலிக்காமல் பார்ப்பேன்.

என் மகள் நித்யாவுக்குக் கல்யாணமான புதிதில் நானும் மாப்பிள்ளை அருளும் இப்படித்தான் காலம் தள்ளினோம். அவருக்கு விருதுநகர்ப் பக்கம். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே பிளாட். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கரையான்சாவடியில் பட்டறைக்குள் நுழைந்தவன். அவர் அதிகம் பேச மாட்டார். நான் பேசவே மாட்டேன். (பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "பொண்ணோட அப்பாவுக்குப் பேச்சு வராதா?" என்று அவர்கள் வீட்டில் யாரோ காதோடு காதாக விசாரித்தார்களாம்.)

இந்த நிலைமையில் தலை தீபாவளி வந்தது.

மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும் என்பது என் மனைவி காஞ்சனாவின் முடிவு. நித்யாதான் போனில் அதை உடைத்தாள்.

"அம்மா, அவரு மோதிரமே போட மாட்டாரும்மா. கேம் ஆடுற லேப்டாப்பு ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளா வீடியோ வீடியோவா பாத்துக்கினு கீறாரு. பெரிய வெலையெல்லாம் வேணாமாம். பட்ஜெட்லயே வருதாம்."

"இன்னாது, கேமா? மாப்ளைக்கு வயசு இன்னாடி, எட்டா?"

"ஞாயித்துக்கெழமையானா அப்பா கேரம் ஆடப் போறாரே, அவருக்கு இன்னா வயசு?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் காதில் விழாத மாதிரி ஒரு மிக்சி மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லேப்டாப் என்று முடிவானது. எது நல்லது என்று பார்த்து எடுக்க மாப்பிள்ளையும் கூட வருவதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது காஞ்சனா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"யோவ், தே பாரு. அங்க போயி வாயத் தொறக்காத. தொறந்தா மானம் பூடும்."

"நான் எப்ப வாயத் தொறந்தேன்?"

"அதாஞ் சொல்றேன். இன்னிக்குனு பாத்துத் தொறந்துடாத."

வாயைத் திறக்காமலேயே மானத்தைப் போக்கிக்கொள்ள முடியும் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

உண்மையில் எனக்கு அந்த லேப்டாப் வெறும் சீர் இல்லை. மாப்பிள்ளை மரியாதையானவர். என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் "நம்ம மாமனாருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்" என்று நினைத்திருப்பாரோ என்று எனக்கு ஓர் உறுத்தல். ஒரே ஒரு தடவையாவது, 'மாமா கூட வந்தது நல்லதாப் போச்சு' என்று அவர் நினைத்துவிட வேண்டும். அதுதான் என் ஆசை.

கடை பூந்தமல்லி மெயின் ரோட்டில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருந்த இடத்துக்கு எதிரே. தீபாவளிக் கூட்டம். சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் கிரிக்கெட். அதன் முன்னால் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவராவது டிவி வாங்க வந்தவர் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று என் கண் முதலில் தேடும். அது தொழில் பழக்கம். அந்தக் கடையில் அது லேப்டாப் மேசைகளுக்குப் பக்கத்தில், கிடங்குக் கதவின் ஓரத்தில், தள்ளுபடி பேனருக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. (பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.)

டை கட்டிய விற்பனையாளர் ஒரு கறுப்பு லேப்டாப்பைத் திறந்துவைத்தார். விசைப்பலகையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி விளக்கு எரிந்தது. அம்மன் கோயில் தேர் மாதிரி இருந்தது.

"சார், இது கேமிங்குக்குன்னே வந்தது. நூத்தி நாப்பத்தி நாலு சார்!"

எனக்குத் தெரிந்த நூற்று நாற்பத்து நாலு போலீஸ் போடுவது. நாலு பேர் கூடி நிற்கக் கூடாது. அதை எதற்கு லேப்டாப்பில் போட்டு விற்கிறார்கள் என்று யோசித்தேன். திரையில் படம் நொடிக்கு அத்தனை தடவை மாறும் என்பதை மாப்பிள்ளை பிறகுதான் விளக்கினார்.

"கார்டு இருக்கா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

இது எனக்குத் தெரிந்த விஷயம். சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "கார்டெல்லாம் வேணாம் மாப்ளே. ரொக்கமாவே எடுத்தாந்துகீறேன்" என்றேன்.

விற்பனையாளர் இருமினார். மாப்பிள்ளை மிகவும் மெதுவாக, "இல்ல மாமா... அது லேப்டாப்புக்கு உள்ள இருக்க கார்டு. கேம் ஓடுறதுக்கு" என்றார்.

காஞ்சனா சொன்னது சரிதான். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு மாப்பிள்ளை பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மூடியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். விசைப்பலகையின் நடுவில் கட்டை விரலால் அழுத்தி, அமுங்குகிறதா என்று பார்த்தார். திரையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். திருப்பிப் போட்டு, காற்று போகிற துளைகளைத் தடவினார். ஏறக்குறைய நான் ஒரு மோட்டாரைக் கையில் வாங்கினால் செய்வதுதான். பிறகு ஒரு கேமைப் போடச் சொன்னார். ஆள் ஆடாமலேயே தானாக ஓடிக் காட்டும் காட்சி ஒன்று அதில் இருந்தது. சிப்பாய்கள் ஓடினார்கள், சுட்டார்கள், கட்டடங்கள் வெடித்தன.

"ரெண்டு நிமிஷம் பாத்தா போதும் சார், செம ஸ்பீடு" என்றார் விற்பனையாளர்.

"போதாதுண்ணே. அரை மணி நேரமாச்சும் ஓடட்டும். சூடான பெறகுதான் உண்மை தெரியும்."

அந்த இடத்தில் என்னை அறியாமல் வாய் திறந்துகொண்டது. "ஆமா மாப்ளே! லோடு குடுக்காம ஓட்டுனா எந்த மோட்டாரும் நல்லாத்தான் ஓடும்!"

மாப்பிள்ளை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். "கரெக்ட் மாமா. இது லோடு டெஸ்ட்தான்."

கல்யாண மண்டபத்தில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. விற்பனையாளர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் போன் அடித்தது.

"ஆபீஸ் கால் மாமா. உள்ள சிக்னல் சரியா இல்ல. வெளியே போய்ப் பேசிட்டு வந்துருதேன். நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க. ரொம்பச் சூடாகுதான்னு மட்டும் பாருங்க."

என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் லேப்டாப்பை, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு மெல்லிய முனகல். பிறகு 'ஊ...' என்று ஏறியது. பிறகு 'ஊஊஊய்ங்' என்று கிரைண்டருக்கு பேரிங் போகிற சத்தம். பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். வெந்நீர் பானையைத் திறந்தது மாதிரி காற்று. குனிந்து முகர்ந்தேன். புதுப் பிளாஸ்டிக் சூடாகிற வாசனை. அது வெறும் புதுச் சாமானின் வாசனை என்று இன்று தெரியும். அன்று என் மூக்குக்கு அது காயில் கருகும் வாசனை. முப்பது வருடமாக அந்த வாசனையில் பிழைத்தவன் நான். ஒரு மோட்டார் அப்படிக் கத்தி, அப்படி நாறினால், அடுத்த நிமிடம் புகை வரும்.

சுற்றிலும் பார்த்தேன். விற்பனையாளரைக் காணோம். சத்தம் போட்டு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இருபது பேர் இருக்கும் இடத்தில் சத்தம் போடுவது என்னால் ஆகாது. (தாலி கட்டும்போது "கெட்டிமேளம்" என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம்.) மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைத் தேடினேன். ஒயர் மேசைக்குள்ளேயே போய் மறைந்திருந்தது. மேலே சத்தம் இன்னும் ஏறியது. மாப்பிள்ளை நம்பி ஒப்படைத்த பொருள் என் கண் முன்னால் எரியப்போகிறது.

இரண்டே எட்டில் போய், பேனரை விலக்கி, மெயினை இறக்கிவிட்டேன்.

கடையே இருண்டது. விளக்கு, ஏசி, சுவர் முழுக்க டிவி எல்லாம் ஒரே நொடியில் செத்தன. பில் போடும் இடத்தில் யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தியது. கிரிக்கெட் கூட்டத்திலிருந்து ஓர் ஓலம் எழுந்தது.

"அய்யோ! கடைசி ஓவர்டா!"

"இன்னா மாமே, கரண்ட் பூட்ச்சா?"

"எதுர்ல டீக்கடையில லைட்டு எரியுதே!"

அந்த இருட்டில் ஒரே ஒரு பொருள் மட்டும் சாகவில்லை. அந்த லேப்டாப். சிவப்பும் பச்சையுமாக விளக்கு மின்ன, சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே ஓட, பெருங்குரலில் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. அதன் வெளிச்சம் நேராக என்மேல் விழுந்தது. என் கை இன்னும் மெயின் பிடியில் இருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "யோவ்! இன்னா பண்றே நீ?"

"மோட்டாரு எரியுது சார்."

"எந்த மோட்டாரு?"

"லேப்டாப்பு மோட்டாரு சார். கரண்ட்ட நிறுத்தியும் நிக்க மாட்டேங்குது சார்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுல பேட்டரி கீதுய்யா!"

பேட்டரி இருக்கும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நித்யா ஒயரே இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்ப்பதைத் தினமும் பார்த்தவன்தான். ஆனால் மூக்கு வேலை செய்யும்போது எனக்கு மூளை வேலை செய்வதில்லை. கிரிக்கெட் கூட்டம் மொத்தமும் டிவியை விட்டுவிட்டு என்னைச் சுற்றி வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் எனக்கு நிஜமான நூற்று நாற்பத்து நாலு தேவைப்பட்டது.

அப்போது வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். இருட்டுக் கடையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். நடுவில், பேனரைப் போர்த்திக்கொண்டு நிற்கும் மாமனாரைப் பார்த்தார். எனக்கு அப்படியே கிடங்குக்குள் போய், ஏதாவது அட்டைப்பெட்டியில் படுத்துவிடலாம் போல இருந்தது.

"யாரு சார் இவரு? உங்ககூட வந்தவரா?" என்று மேனேஜர் அவரிடம் சீறினார்.

மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எங்க மாமா சார். நான்தான் பாத்துக்கச் சொன்னேன். சூடானா நிறுத்திருங்கன்னு சொல்லிட்டுப் போனேன். தப்பு என்னோடது."

நிறுத்தச் சொல்லி அவர் சொல்லவே இல்லை. எனக்காகச் சொன்ன பொய் அது. அதைச் சொல்லிவிட்டு, அந்த இருட்டிலேயே லேப்டாப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, மெயினை மேலே ஏற்றினார். அவருடைய தோள் குலுங்கியது. கோபமோ என்று பயந்தேன். சிரிப்பு. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே ஒரு வாஷிங் மெஷின் பெட்டியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

"மாமா, ஆனா ஒண்ணு," என்றார் மூச்சு வாங்க. "கரண்ட் இல்லாதப்ப அதுல படம் ரொம்பத் திக்குச்சு, கவனிச்சீங்களா? பேட்டரில எல்லாமே கொஞ்சம் குறையும். இது ரொம்பக் குறையுது. இது வேணாம். பக்கத்துல இருக்கத பாப்பம்."

அதையும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். மேனேஜர் பெரிய மனசு பண்ணினார். "ஓட்டுங்க சார், தாராளமா ஓட்டுங்க. ஆனா பெரியவரு ரோட்டுல நிக்கட்டும்."

ஆகவே, எந்த மாமனாருக்கும் கிடைக்காத பாக்கியமாக, தலை தீபாவளிச் சீரை மாப்பிள்ளை உள்ளே பரிசோதிக்க, நான் பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே மெட்ரோ தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிரிக்கெட் கூட்டத்தில் ஒருவர் டீக்கடையிலிருந்து வந்து தோளில் தட்டினார். "அண்ணாத்தே, மெயின புடுங்குனது நீதானே? கவலப்படாத. ஜெயிச்சுட்டாங்கோ."

அந்த இரண்டாவது லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கதை போய்ச் சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை வழியிலேயே என்னிடம் நடந்ததைக் கேட்டுக்கொண்டு, நித்யாவுக்குப் போன் போட்டு, என் குரலிலேயே "நிக்க மாட்டேங்குது சார்" என்று நடித்துக் காட்டிவிட்டார். காஞ்சனா தலையில் அடித்துக்கொண்டாள். தீபாவளியன்று அந்த லேப்டாப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் நான் எடுத்துக் கொடுத்தபோது, மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "மாமா, பேட்டரி இருக்கு, பாத்துக்கோங்க" என்றார். வீடே சிரித்தது.

இப்போதும் நான் அம்பத்தூருக்குப் போனால், படியேறும்போதே இந்த லேப்டாப்பும் போடுகிற அதே ஊளைச் சத்தம் கேட்கும். மாமனார் வாசலில் வந்து நின்றால் மாப்பிள்ளை முதலில் "வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நம் பக்கத்தில் அதை ஒரு தலைமுறைக்குப் பேசுவார்கள். எங்கள் மாப்பிள்ளை சொல்வதில்லை. ஜன்னலில் என் தலை தெரிந்ததும், "மாமா, அங்கனயே நில்லுங்க! சேவ் பண்ணிக்கிடுதேன்!" என்று உள்ளிருந்து கத்துவார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பேன். நான் உள்ளே வந்து மெயினை இறக்குவதற்குள் ஆட்டத்தைப் பத்திரப்படுத்திவிட வேண்டுமாம்; அதற்குப் பிறகுதான் எனக்குக் கதவு.

போன மாதம் அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். இதைக் கேட்டு அவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னடா இது? சம்பந்தி வந்து நிக்காக, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?"

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள், நான் வாசலில் நின்றபடியே, பக்கத்து பிளாட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்:

"இருக்கட்டும் சம்பந்தியம்மா. மொதல்ல சேவ் ஆவட்டும்."