வெக்கியூம் கிளீனர் விசாரணை

விசாரித்து வாங்குகிறவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. சும்மா வாங்குகிறவர் வேறு, விசாரித்து வாங்குகிறவர் வேறு. முன்னவர் கடைக்குப் போவார், விலை கேட்பார், முகத்தைச் சுளிப்பார், நூறு ரூபாய் குறைக்கச் சொல்வார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். பின்னவரும் கடைக்குப் போவார், விலை கேட்பார், எத்தனை வோட்ஸ் என்று கேட்பார், உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்பார், வயர் எத்தனை அடி என்று கேட்டுவிட்டு நம்பாமல் தானே அளந்து பார்ப்பார், கடைப்பையனுக்குக் கொட்டாவி வரும்வரை கேட்பார், கதவை இழுத்து மூடும் நேரத்தில் "யோசிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுவார். கை வெறுமைதான். முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெற்றிக்களை. இன்றைக்கும் ஏமாறாமல் திரும்பிவிட்டாரல்லவா?

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் இலங்கை மலையகத்துப் பசறைக்குப் போக வேண்டும். அங்கே டவுனிலிருந்து தேயிலை மலைக்கு ஏறும் பாதையில், மூன்றாவது வளைவில், விஜேந்திரன் சேரின் வீடு இருக்கிறது. தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறார். நல்ல மனிதர். யாரிடமும் கடுஞ்சொல் பேசமாட்டார், குடிக்கமாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து மனைவி தயானியின் கையில் கொடுப்பார். ஆனால் தயானி பருப்பு வாங்கிவிட்டு வந்தால், எந்தக் கடையில் என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு சின்னப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு, பக்கத்துக் கடையில் விசாரித்தாயா என்று பொருள்.

அந்த வீட்டுக்கு வெக்கியூம் கிளீனர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆடம்பரத்துக்கு இல்லை. தயானிக்கு மூச்சிழுப்பு. பாதையில் பஸ் ஏறி இறங்கும் புழுதி பாதி, மலைப்பனியில் ஊறிய வீட்டின் பூஞ்சணம் பாதி என்று, கூட்டத் தொடங்கினாலே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். போதாக்குறைக்கு ஹோலில் ஒரு கார்ப்பெட். விஜேந்திரனின் அக்கா இராக்கம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்து, முதல் ஒப்பந்தம் முடிந்து வந்தபோது தோளில் சுமந்துவந்த கார்ப்பெட். லீவில் வந்தால் தம்பி முகத்தைப் பார்க்குமுன் அவர் கார்ப்பெட்டைத்தான் பார்ப்பார். அதைச் சுருட்டிவைக்கும் தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. பதுளை டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் விளக்கமாற்றை விட்டுவிட்டு ஒரு வெக்கியூம் கிளீனர் வாங்குங்கள் என்றார். விஜேந்திரன் சேர் அன்றைக்கே இருபத்தைந்தாயிரம் ரூபாயை ஓர் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தார். நடந்து பதினான்கு மாதம் ஆகிறது.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குப் பணம் போய்விடுமே என்று கவலை. இவருக்கு, வாங்கியதைவிட நல்லது ஒன்று அடுத்த கடையில் உட்கார்ந்திருக்குமே என்று கவலை. முதல் வியாதிக்கு மருந்து உண்டு.

முதல் மாதம் வீடியோ பார்த்தார். சென்னைக்காரர் ஒருவர் தன் வீட்டு மொசைக் தரையில் அரிசியைக் கொட்டி உறிஞ்சிக் காட்டினார். மொசைக்கில் எது வேண்டுமானாலும் உறிஞ்சும், நம்முடையது சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையாயிற்றே என்று விஜேந்திரன் சேர் அதைத் தள்ளிவிட்டார். இரண்டாம் மாதம் தடித்த அட்டை போட்ட எண்பது பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினார். (அதை மூன்று கடையில் விசாரித்தே வாங்கினார்.) பையுள்ள வகை, பையில்லாத வகை, ஈரத்தையும் இழுக்கும் பீப்பாய் வகை, சார்ஜ் போட்டுக் கையில் பிடிக்கும் தடி வகை என்று கோடு போட்டுப் பிரித்தார். வோட்ஸ் கூடினால் உறிஞ்சும் சக்தி கூடும் என்று நினைப்பவர்களைப் பார்த்து இரக்கப்படத் தொடங்கினார். பின்னேரம் ஊரெல்லாம் லைட் போட்டதும் கரண்ட் இறங்கிவிடுமே, அப்போது இந்த மோட்டர் என்ன பாடுபடும் என்று பண்டாரவளையில் ஒரு கடைக்காரரைக் கேட்டார். அவர் பாவம், பொருள் விற்க வந்தவர். அந்தக் கேள்விக்குப் படித்துக்கொண்டு வரவில்லை.

நான்காம் மாதம்தான் அந்தப் புகழ்பெற்ற சோதனை ஆரம்பமாயிற்று. கடையில் கொட்டிக் காட்டுகிற தூசி கடைக்காரனுக்கு வசதியான தூசி. நம் வீட்டுத் தூசியை உறிஞ்சினால்தானே நம் வீட்டுக்கு உதவும்? ஆகவே சனிக்கிழமை காலையில் தயானி கூட்டி அள்ளிய தூசியை ஒரு யோகட் கோப்பையில் போட்டு, மேலே பொலித்தீன் கட்டி, அதைப் பையில் வைத்துக்கொண்டு பதுளை பஸ் ஏறினார். கடைக்குள் போய்ப் பளபளவென்று துடைத்த தரையில் கவிழ்த்தார். "இப்ப இழுங்க பாப்பம்" என்றார். இழுத்தது. கொப்பியில் எழுதிக்கொண்டார். மீதித் தூசியைக் கட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார். கொஞ்ச நாளில், அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே பதுளைக் கடைப்பையன்கள் "தூசி சேர் வாறாரு" என்று மெஷின்களின் வயரைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடும் நிலை வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பதினான்கு மாதத்தில் அந்த வீட்டின் தூசியில் மெஷினுக்குள் போனது அந்த யோகட் கோப்பைத் தூசி மட்டும்தான்.

வாங்குகிற முடிவுக்கு அவர் வராமலும் இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு விலைக்கழிவு போடுவார்கள், அப்போது வாங்கலாம் என்று முடிவு செய்தார். புத்தாண்டு வந்தது, வெசாக்குக்கு இன்னும் கூடப் போடுவார்களாம். வெசாக் போனது, தீபாவளி. தீபாவளி போனது, வருடக் கடைசி. வருடக் கடைசியில் டொலர் இறங்கப் போவதாக யாரோ சொன்னார்கள். டொலருக்கு அது தெரியவில்லை. அவர் கொப்பியைத் திறந்தபோது பதினெட்டாயிரத்து ஐந்நூறுக்கு இருந்த மெஷின், இதற்கிடையில் இருபத்துநாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. விஜேந்திரன் சேர் விலையேற்றத்தை மிகத் துல்லியமாகக் கோட்டுப்படம் வரைந்து வைத்திருக்கிறார்.

இப்படி விசாரிக்கிற மனிதரைச் சும்மா விடுமா ஊர்? எது வாங்கலாம் என்று பாடசாலை அதிபர் கேட்டார். இரண்டே நிமிடத்தில் பதில் சொன்னார், அதிபர் மறுநாள் வாங்கிவிட்டார். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கேட்டார், அவரும் வாங்கிவிட்டார். அப்புத்தளையில் விடுதி நடத்தும் இத்ரூஸ் முதலாளி போனிலேயே கேட்டு இரண்டு வாங்கினார், நன்றிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். விஜேந்திரன் சேர் போனார். சாப்பாட்டுக்கு முன் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறேனே என்று மெஷினை வாங்கி, நாலு அறையையும் கட்டிலுக்கு அடிவரை சுத்தம் செய்துகொடுத்தார். வீட்டுக்கு வந்து, அந்த விடுதிக் கார்ப்பெட்டில் இப்போது வெள்ளை வேட்டியோடு உருளலாம் என்று தயானிக்கு வர்ணித்தார். தயானி அப்போது மூக்கில் துவாலையைக் கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் காலுக்கடியில் கூட்டவேண்டி வந்தபோது, பேச்சை நிறுத்தாமல் காலைத் தூக்கிக் கொடுத்தார்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. போன மாதம் இராக்கம்மா லீவில் வருவதாகச் செய்தி வந்தது. தயானி ஒரு பகல் முழுக்க அந்தக் கார்ப்பெட்டை வாசலில் போட்டு அடித்தாள், உள்ளே போட்டுக் கூட்டினாள். பின்னேரம் அவளால் பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முகமூடி மாட்டி மருந்துப்புகை கொடுத்தார்கள். விஜேந்திரன் சேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வந்தது. உண்மையான கண்ணீர்தான், நான் கேலி செய்யவில்லை. நாளைக்கே வாங்கிவிடுகிறேன் என்று அவள் காதோரம் சொன்னார். மறுநாள் அலுமாரியைத் திறந்து, உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்து, செருப்பையும் மாட்டினார். அப்போது போனில் ஒரு சின்ன வீடியோ கண்ணில் பட்டது. புது மொடல் ஒன்று வருகிறதாம். இன்னும் ஆறே வாரம். செருப்பைக் கழற்றினார்.

உறை அலுமாரிக்குத் திரும்பியதைத் தயானி பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பாடசாலை இடைவேளையில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஜெஸீமா. பசறை டவுனில் மின்சாரப் பொருள் கடை வைத்திருக்கும் லத்தீபின் மனைவி; கடையில் பாதி நேரம் அவர்தான் நிற்பார். தெரிந்த வீடொன்றுக்கு ஒரு வெக்கியூம் எடுக்க வேண்டும், எது நல்லது என்று கேட்டார். விஜேந்திரன் சேர் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார். அவருக்கு இதைவிட இனிமையான கேள்வி உலகத்தில் கிடையாது. எத்தனை அறை என்றார். ரெண்டு ரூமும் ஒரு ஹோலும். தரை? சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்து, ஹோலில் ஒரு பெரிய கார்ப்பெட். கரண்ட்? பின்னேரத்தில் பல்ப் மங்கிவிடும். கையில் எவ்வளவு? இருபத்தைந்து. வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்றும் கேட்டார். முறையாக விசாரிக்கிறவர் அதையெல்லாம் விடமாட்டார்.

"பொம்புளக்கி இழுப்பு ஈக்கு சேர்," என்றார் ஜெஸீமா. "போன மாசம் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனாங்க."

"அப்ப யோசிக்க ஒண்ணுமே இல்லயே. பையுள்ளதுதான் எடுக்கணும். தூசியக் கொட்டுறப்ப திரும்பப் பறக்காது. உங்க கடையிலயே ரெண்டாவது தட்டுல சிவப்புப் பெட்டியில ஒண்ணு இருக்கு, அதக் குடுங்க."

"அதவிட நல்லது வருமெண்டு அந்த வீட்டு ஆம்புள பாத்துக்கிட்டு ஈக்கிறாராம்."

விஜேந்திரன் சேருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வகுப்பில்கூட அவர் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை. பக்கத்து மேசை ஆசிரியர் திரும்பிப் பார்த்தார்.

"நல்லது எப்பவும் வந்துக்கிட்டேதாங்க இருக்கும். மூச்சு அப்பிடி வருமா? இன்னைக்கே வாங்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு அந்தாளுகிட்டச் சொல்லுங்க."

ஜெஸீமா சரி என்று வைத்துவிட்டார். சேர் வடையை எடுத்தார். இப்படியும் சில மனிதர்கள் இருக்கிறார்களே என்று பக்கத்து மேசை ஆசிரியரிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி மூன்றாவது வளைவுக்கு ஏறும்போது ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். ஆயிரத்து அறுநூறு வோட்ஸ், பையுள்ள வகை. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிவிட்டானா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தபடி நடந்தார். சத்தம் பக்கத்து வீட்டைத் தாண்டியும் கேட்டது. தன் வீட்டு வாசலில் சிவப்புப் பெட்டி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. உள்ளே தயானி கார்ப்பெட்டின் மேல் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மூக்கில் துவாலை இல்லை.

"யாரக் கேட்டு வாங்குன?"

தயானி சுவிட்சை அணைத்தாள்.

"உங்களத்தான். ஜெஸீமா போன்ல ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுனாங்க, நான் பக்கத்துலதான் நின்னேன்." குழாயை மறு கைக்கு மாற்றினாள். "அந்தாளுகிட்டச் சொல்லச் சொன்னீங்களே. இப்பச் சொல்லட்டா?"

விஜேந்திரன் சேர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். என்ன விலை என்று கேட்க வாய் திறந்தது, பழக்கதோஷம். பெட்டியின் ஓரத்தில் இருபத்துநாலாயிரத்துத் தொளாயிரம் என்று ஒட்டியிருந்தது. பண்டாரவளையில் இதே மெஷின் அறுநூறு ரூபாய் குறைவு என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். மெஷின் நின்றுவிட்ட அந்த அமைதியில் அவருக்கு மனைவியின் மூச்சு கேட்டது. பதினான்கு மாதமாக அதற்குள் கேட்டுக்கொண்டிருந்த விசிலைத்தான், வயர் நீளம்வரை அளந்த மனிதர், ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இன்றைக்கு அது கொஞ்சம் குறைந்திருந்தது. தான் யோகட் கோப்பையில் கட்டிக்கொண்டு போன தூசியெல்லாம் முதலில் அவள் நெஞ்சுக்குள் போய்விட்டு வந்த தூசி என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்தார்.

"காலத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தயானி சுவிட்சைப் போட்டாள்.

மனிதர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? அந்த மெஷினுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பை மாட்ட வேண்டும். கொப்பியின் எழுபத்தொன்பதாம் பக்கத்தில் "பை" என்று தலைப்பெழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். ஆனால் தயானி முதல் நாளே லத்தீப் கடையில் ஒரு டசின் பை வாங்கி வைத்துவிட்டாள். அவளும் அவரோடு பதினான்கு மாதம் படித்தவள்தானே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு விஜேந்திரனின் முகம் கண்முன் வருகிறது, இதை அவருக்கு அனுப்ப வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டீர்கள். அனுப்புங்கள். அதற்குமுன் உங்கள் வீட்டில், நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்று நீங்கள் சொல்லி, மாதக்கணக்காக வராமல் நிற்கிற பொருள் எது? அது இல்லாமல் தினமும் குனிந்து நிமிர்கிறவர் யார்? அப்படி ஒன்றும் இல்லை என்கிறீர்களா? சரி, நம்புகிறேன். எதற்கும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். கடையில் இல்லை, வீட்டுக்குள்.