பூதத்துக்குச் சவர்க்காரம்

“அங்கிள், முதல் புத்தகத்துல பூதம் தண்ணி பட்டா கரைஞ்சிரும். ரெண்டாவதுல எப்படி அருவியில குளிச்சிச்சு?”

அப்புத்தளைத் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருக்கும் புவனேந்திரன் அந்தக் குரல்பதிவை மூன்று முறை கேட்டார். அனுப்பியவள் பதுளையில் இருக்கும் ஐந்து வயது றிப்கா. அவர் எழுதிய பூதக் கதைகளின் பின் அட்டையில் தொலைபேசி எண் போட்டு மூன்று வருடமாகிறது. அதற்கு வந்த முதல் வாசகக் குரல் இதுதான்.

சரிபார்க்கலாம் என்றால் கைவசம் ஒரு பிரதிகூட இல்லை. கடைசியாக இருந்த பிரதிகளைப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குக் கொடுத்துவிட்டார். என்ன எழுதினோம் என்பதும் பாதி மறந்துவிட்டது. அதை வாசகியிடம் போய்ச் சொல்ல முடியுமா?

“சவர்க்காரம் போட்டுக் குளிச்சா கரையாதும்மா,” என்று பதில் அனுப்பினார்.

மறுநாளே அடுத்தது வந்தது. “சவர்க்காரத்தக் கண்டா அது ஓடுமே அங்கிள்?”

“குளிச்சது அதோட தம்பிம்மா.”

“எனக்கு யாருமே இல்லண்டுதானே மூணாவதுல அழுதிச்சு?”

புவனேந்திரன் நாட்காட்டியைப் பார்த்தார். நாலாவது புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதிலும் பூதம் முன்னுக்குப் பின் முரணாக நடந்துகொண்டால் இருக்கிற ஒரே வாசகியும் கையை விட்டுப் போய்விடுவாள்.

“பெத்த உங்களவிட அந்தப் பிள்ளைக்குத்தான் பூதத்து மேல அக்கறை,” என்றாள் மனைவி விஜயலெட்சுமி.

“அதுக்குத்தான் அவள கையெடுத்துக் கும்புடுறேன்,” என்றார் அவர். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

சனியும் ஞாயிறும் சாப்பாட்டை மறந்து திருத்தினார். தம்பி எப்படி வந்தான் என்று சொல்ல ஒரு தாய். அண்ணன் தாயை மறந்ததற்கு ஒரு சாபம். சாபம் தீர ஒரு மந்திரச் சவர்க்காரம். முப்பது பக்கக் கதை அறுபதாகிவிட்டது. முதல் பக்கத்தில், ‘பூதத்தை என்னைவிட நன்றாக அறிந்த றிப்காவுக்கு நன்றியுடன்’ என்று போட்டார்.

அச்சாகி வந்த முதல் பிரதியோடு பதுளைக்குப் பஸ் ஏறினார். றிப்கா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து படங்களைப் புரட்டினாள். அவளுடைய உம்மா ஷம்ரா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

“மூணு புத்தகத்தையும் ஒரு எழுத்து விடாம வாசிச்சுக் காட்டியிருக்கீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க,” என்று கைகூப்பினார் புவனேந்திரன்.

ஷம்ரா மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“நான் படிச்சது சிங்கள மீடியம் சேர், தமிழ் வாசிக்க ஏலா, படத்தப் பாத்து நானே சொன்ன கதைதான் அதெல்லாம்.”