நீலம் போட்ட வேட்டியும் நாலாவது சுவரும்

புதுப் பெயின்ட் வாசனை எங்கே அடித்தாலும் என் வலது தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிடுகிறது. நேற்று எங்கள் குடியிருப்பின் மாடிப்படிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் நின்றுவிட்டேன். மூக்கில் ஏறிய வாசனை நேராகக் கொல்லிமலைக்குப் போய், அங்கே சோளக்காடு என்கிற ஊரின் பனிமூட்டத்தைக் கையால் விலக்கி, ஓர் ஆளை இழுத்துக்கொண்டு திரும்பியது. ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையில் சாம்பல் நிற அட்டை. "கொஞ்சம் நகருங்க சார், உங்க நிழல் விழுது" என்றபடியேதான் வந்தார்.

தன் கண்ணைத் தானே நம்பாத மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. "வெளிச்சம் சரியில்ல" என்று நாளெல்லாம் புலம்பியதால் மலை முழுக்க அவர் வெளிச்சம் சார்.

இருவருமே சமவெளியிலிருந்து மாற்றலில் மேலே வந்த அரசு ஊழியர்கள். சோளக்காட்டில் ராசம்மாக்காவின் பின்கட்டில் சேர்ந்து குடியிருந்தோம். நான் கோப்பு தள்ளுகிறவன். அவர் வேலை காபி, மிளகுச் செடிகளின் இலை நிறத்தைக் கைபேசியில் அளந்து மேலிடத்துக்கு அனுப்புவது. இலை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிந்தால் உரம் சொல்லலாமாம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கொல்லிமலையில் வெளிச்சம் ஓரிடத்தில் உட்கார்ந்ததே கிடையாது. காலையில் பால் மாதிரி வழியும், பத்து மணிக்குப் பொன்னாய்க் கொட்டும், மரத்தடியில் பச்சையாய்த் தேங்கும். மேகம் ஒருமுறை புரண்டு படுத்தால் அதே இலை வேறு இலை.

"கேமரா அதுவா ஒரு கணக்குப் போட்டுக்குது சார். அதை நம்பக் கூடாது. இலை பக்கத்துல இந்த அட்டையை வச்சு, இதுதான் சாம்பல்னு காட்டிட்டா, அங்கிருந்து மத்த நிறத்தையெல்லாம் சரியாப் புடிச்சுக்கும்" என்பார். அட்டையைப் பிடிப்பது யார்? ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும் நான்தான். தோள்பட்டை வலிக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு காபித் தோட்டம். பல் கிட்டும் குளிர். சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கைபேசியை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கழட்டுங்க சார்."

"எதை?"

"ஸ்வெட்டரை. அதுல பட்ட வெளிச்சம் இலையில சிவப்பா ஊத்துது."

உள்ளே போட்டிருந்த சட்டை ஆரஞ்சு. அதையும் கழற்ற வைத்தார். வெற்றுடம்போடு காபிச் செடிக்கு நடுவே அட்டையை ஏந்தி நடுங்கிக்கொண்டு நின்றேன். வழியே போன பெண்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி நடந்தார்கள்.

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் வாங்கப் போனாலும் இதே கூத்து. சுளைக்குப் பக்கத்தில் அட்டையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

"ஏனுங்க, பழம் வாங்க வந்தீங்களா, போட்டோ புடிக்க வந்தீங்களா?" என்பாள் கடைக்காரம்மா.

"மேகம் போகட்டும்மா."

"மேகம் போறதுக்குள்ள பஸ்ஸு போயிருமுங்க."

பஸ்ஸும் போய்விடும். நான் நடந்து வீடு சேர்வேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ராசம்மாக்காவின் சுவரில் கை வைத்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது.

அக்காவின் மகள் செல்விக்கும் காளப்பநாயக்கன்பட்டிப் பையன் ஒருவனுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. பையனின் அம்மா மட்டும்தான் பாக்கி. அந்தம்மாள் ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை வாசப்படி கோணல் என்று சொல்லித் தட்டிவிட்டவர். ஞாயிறு காலை வருகிறார்கள். அக்கா முன்னறைக்கு வான நீலம் அடிக்கச் சொன்னாள். மூன்று சுவர் முடிந்தது, நாலாவதற்குப் பெயின்ட் தீர்ந்துவிட்டது. கலவை எண் எழுதியிருந்த டப்பாவின் மேல் பெயின்ட் வழிந்து எண்ணே தெரியவில்லை.

மலையில் இதற்கு எளிய வழி உண்டு. சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்து, தீப்பெட்டியில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் கீழே கடையில் பார்த்துக் கலந்து அனுப்பிவிடுவார்கள். அக்கா கரண்டியோடு கிளம்பினாள். வெளிச்சம் சார் குறுக்கே நின்றார்.

"நான் இருக்கேன், சுவரைப் போய்ச் சுரண்டறீங்களே அக்கா."

அந்த வாரம் அவருடைய அட்டை மழையில் ஊறி உப்பிப்போயிருந்தது. அதனால் என்ன என்று, கொடியில் காய்ந்த தன் வேட்டியை உருவிச் சுவரோரம் என்னைப் பிடிக்கச் சொன்னார். வெள்ளை வேட்டி, இதைவிட என்ன வேண்டும் என்றார். மதியம்வரை மேகம் விலகக் காத்திருந்து, படம் எடுத்து, கைபேசி காட்டிய நிற எண்ணைக் கீழே பெயின்ட் கடைக்கு அனுப்பினார். சாயங்கால பஸ்ஸில் டப்பா வந்தது. சனிக்கிழமையே அடித்து முடித்தார்கள்.

ஞாயிறு காலை சுவர் காய்ந்திருந்தது. மூன்று பக்கம் வானம். நாலாவது பக்கம் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி.

ராசம்மாக்கா சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முந்தானையால் சுவரை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். வெளிச்சம் சார் வேட்டியை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, வேட்டிக்கு நீலம் போட்டீங்களா?"

"போடாம இருப்பனுங்களா? ஆபீசரு வேட்டி பளிச்சுனு இருக்க வேண்டாமுங்களா?"

அக்கா நீலம் போடுவதில் கர்ணன். அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பிய கைபேசி, மிச்ச உலகத்தையெல்லாம் மஞ்சள் பக்கம் தள்ளிவிட்டது.

"தீப்பெட்டி போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்றேன். அவர் காதில் விழவில்லை. நாலாவது சுவரையும் அதன் பக்கத்து ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ஸ்வெட்டரைப் பார்த்தார். எனக்குத் தோள்பட்டை வலித்தது.

"சுவரை மாத்த முடியாது சார். வெளிச்சத்தை மாத்தலாம்."

மிளகு காய வைக்கும் நீலத் தார்ப்பாயின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். ஜன்னலுக்கு வெளியே விரித்துப் பிடித்தோம். உள்ளே நீல வெளிச்சம் வழிந்து இறங்கியது. பாசி மறைந்து நாலாவது சுவரும் வானமானது. சத்தியமாக அழகாக இருந்தது. ஆனால் சூரியன் நகர்ந்துகொண்டே இருந்தது. "ஒரு சாண் மேலே சார். இப்ப கொஞ்சம் இடது." பையன் வீட்டார் வந்தார்கள், காப்பி வாசனை வந்தது, பேச்சு வந்தது, எங்களுக்குக் காப்பி மட்டும் வரவில்லை. உள்ளே பையனின் அம்மா குரல் கேட்டது.

"ஏனுங்க, அந்த ரெண்டு பேரும் எதுக்குத் தார்ப்பாயப் புடிச்சுட்டு நிக்கறாங்க?"

"மொளகு காயப் போடறாங்க" என்றாள் ராசம்மாக்கா.

"மொளகையே காணோமுங்களே."

"கவர்மென்ட் ஆளுங்க."

"அப்பச் சரி" என்றார் அந்தம்மாள்.

தட்டு மாற்றத் தேதி பேசிவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவர்கள் வண்டி வளைவில் மறைந்ததும் நான் தார்ப்பாயை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தேன். அவர் அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தார். "பாருங்க சார், இப்பத்தான் கச்சிதமா இருக்கு" என்றார். அன்றைக்கு அவரைக் கொல்லாமல் விட்டது என் வாழ்வின் பெரிய சாதனை.

அடுத்த ஆண்டு அவருக்கு மாற்றல் வந்தது. சோளக்காட்டில் பஸ் நின்றிருந்தது. பனிமூட்டம் இறங்கி, சந்தைப் பழங்களெல்லாம் நிறத்தை எங்கோ அடகு வைத்துவிட்டு வந்தவை போல் கிடந்தன. ராசம்மாக்கா ஓடி வந்து, ஜன்னல் வழியாக மடித்த வேட்டியை நீட்டினாள்.

"இந்த வாட்டி நீலம் போடலீங்க சாமி. அலசு அலசுன்னு அலசியிருக்கறேன். வெள்ளையா இருக்குதுங்களா?"

மலைச் செம்மண் தண்ணீரில் அலசிய வேட்டி. நான் நின்ற இடத்திலிருந்தே அது டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. போச்சு, இனி மேகம் விலகுகிறவரை பஸ்ஸை எடுக்க விடமாட்டார் என்று தலையில் கை வைத்தேன். கைபேசி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. வானத்தை அவர் பார்க்கவில்லை. வேட்டியை வாங்கி மடியில் வைத்து ஒருமுறை தடவிக்கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

"வெள்ளைதாங்க்கா" என்றார்.