இன்னும் கொஞ்சம் குளோபல்

உலகத்தில் எழுதுகிறவர்கள், எழுதாதவர்கள் என்று இரண்டே வகைதான் என்று நினைத்திருந்தால், மூன்றாவது வகையை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். அவர் திருத்துகிறவர். நீங்கள் ஒன்றை எழுதி முடித்து, இடுப்பை நிமிர்த்தி, அப்பாடா என்று தாளைக் கீழே வைக்கும் நேரம் பார்த்துச் சரியாக வந்து சேர்வார். கல்யாண அழைப்பிதழோ, கோயில் கொடை நோட்டீசோ, கண்ணீர் அஞ்சலி போஸ்டரோ, எதுவானாலும் அவருக்குச் சம்மதம். "இங்க கொடும், பாத்துத் தாறேன்" என்பார். முதல் வரியைப் படிக்கும் முன்பே பேனாவின் மூடி கழன்றிருக்கும்.

எங்கும் வாழக்கூடிய இனம்தான். என்றாலும் நன்றாகக் கொழுத்து வளர்வது, ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுகிற இடங்களில். அங்கே விண்ணப்பிக்கிறவர்கள் இளைஞர்கள், பயந்தவர்கள். பணம் கொடுக்கிறவர்களோ, மூத்த வழிகாட்டி ஒருவருடைய கையெழுத்து இல்லாமல் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். பயமும் கையெழுத்தும் சேர்ந்த இடத்தில் திருத்துகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், சமூக மருத்துவத் துறையில், புள்ளிவிவரம் பார்க்கிற வேலை எனக்கு. எங்கள் துறைக்கு வாய்த்தவர் டாக்டர் பகவதியப்பன். ஓய்வு பெற்று நெடுநாளாகிறது. அது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காலையில் துறையைத் திறக்கிறவர் வரும்போதே வாசலில் நிற்பார். தோளில் ஒரு துணிப்பை. ஜெனீவாவில் நடந்த உலக சுகாதாரக் கருத்தரங்கில் கொடுத்தது. போனது ஒரே முறை. இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஜெனீவாவில் பஸ் எப்படி வரும், ஜெனீவாவில் காப்பி எப்படி இருக்கும், ஜெனீவாவில் கழிப்பறைக் கதவு எப்படி ஓசையில்லாமல் சாத்திக்கொள்ளும் என்பதெல்லாம் எங்கள் துறையில் தேநீர் கொண்டுவருகிறவர் உட்பட அனைவருக்கும் மனப்பாடம்.

தமக்கென்று அவர் ஒரு விண்ணப்பமும் அனுப்பியதில்லை. அனுப்பினால் கிடைக்காமல் போகலாம் அல்லவா? திருத்துகிறவருக்கு அந்த ஆபத்து கிடையாது. பணம் கிடைத்தால் அது திருத்தத்தால் கிடைத்தது. கிடைக்காவிட்டால் திருத்தத்தை முழுதாகக் கேட்காததால் போனது.

அவருடைய முறை இப்படி. தாளை வாங்குவார். கையில் வைத்துக் கனம் பார்ப்பார். கண்ணாடியைத் துடைப்பார். பிறகு "கொள்ளாம் மக்கா" என்பார். எங்கள் மாவட்டத்தில் கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். அதைக் கேட்டுப் புதிதாக வந்த பிள்ளைகள் முகம் மலர்வார்கள். பழையவர்கள் மலர மாட்டார்கள். அடுத்து வரும் "ஆனா" அவர்களுக்குத் தெரியும்.

பெபிஷாவுக்கு அப்போது தெரியாது. மணவாளக்குறிச்சிக்கு அடுத்த கடற்கரைக்காரி. டாக்டராகி, மேல்படிப்பும் முடித்து, எங்கள் துறையில் சேர்ந்த புதிது. உலக சுகாதாரத்தில் காலெடுத்து வைக்கிற இளம் ஆய்வாளர்களுக்கென்று வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று வருடந்தோறும் பணம் தருகிறது. படிப்பை முடித்து ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். அதற்குமேல் இளமை செல்லாது. பெபிஷா அதற்கு எழுதினாள். அவள் எழுதிய முதல் வரி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இப்படி வரும்: "என் சித்தி விக்டோரியா வேலைக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை."

ஏன் குடிப்பதில்லை என்பதுதான் ஆய்வு. விடியுமுன் கரையில் மீன் ஏலம் எடுத்து, அலுமினியச் சருவத்தில் ஐஸ் போட்டு, வேன் பிடித்து, சந்தையில் பாதியும் தெருத்தெருவாகப் பாதியும் விற்று, பிற்பகலில் வீடு திரும்பும்வரை அந்தப் பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. இடம் இல்லாததால் குடிப்பதில்லை. குடிக்காததால் நீர்க்கடுப்பு, காய்ச்சல், மாத்திரை, மறுபடியும் நீர்க்கடுப்பு. எத்தனை பேருக்கு இப்படி என்று பார்க்க வேண்டும், சந்தையிலும் வேன் நிற்கிற இடத்திலும் கழிப்பறை வைத்தால் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் படித்துப் பார்த்தேன். அப்படியே அனுப்பியிருக்கலாம்.

"சார், ஒண்ணு பாத்துத் தருவியளா?" என்று அதைப் பகவதியப்பன் சாரிடம் நீட்டினாள்.

"கொள்ளாம் மக்கா," என்றார். "ஆனா குளோபலா இல்ல, கேட்டியா."

"மீன் விக்கிற பெண்ணுங்க எல்லா நாட்டுலயும் இருக்காவ சார்."

"இருக்காவ. ஆனா சித்தி ஒனக்க சித்தி மட்டும்தானே? சித்திய வெட்டு."

சித்தி வெட்டப்பட்டாள். அவள் இருந்த இடத்தில், குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளின் கடலோர நலிவுற்ற மக்கள்தொகை வந்து குடியேறியது. மணவாளக்குறிச்சி தெற்காசியக் கரையோரச் சூழல் ஆயிற்று. சந்தை போயிற்று, வேன் போயிற்று, சருவம் போயிற்று. கழிப்பறை என்ற சொல் சாரை முகம் சுளிக்க வைத்தது. அது துப்புரவு உட்கட்டமைப்பு இடையீடாக மாறி ஓசையில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டது.

வீட்டில் போய் பெபிஷா இதைச் சொல்ல, சித்தி கேட்டாளாம்: "என்னைய வெட்டியாச்சா? பின்ன நீர்க்கடுப்பு ஆருக்காம் மோளே, தெற்காசியாவுக்கா?"

அந்த வருடம் அனுப்பவில்லை. "பழுக்கட்டு" என்றார் சார். அடுத்த வருடமும் அனுப்பவில்லை. அப்போது தலைப்பு மட்டும் பழுத்திருந்தது. இளம் ஆய்வாளரும் பச்சை மீனும் ஒன்று. ஐஸில் வைத்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெபிஷாவின் ஐந்து வருடம் முடிகிற வருடமும் வந்தது. இந்த முறை அனுப்பாவிட்டால் இனி எப்போதும் இல்லை. சார் கடைசியாகத் தம் முத்திரைப் பத்தியை அதில் பதித்தார்.

முத்திரைப் பத்தியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஜெனீவா விமான நிலையத்தில் உதித்ததாம். "நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது. அலைகள் கடவுச்சீட்டு வைத்திருப்பதில்லை. ஒரு கரையின் கண்ணீரே மறுகரையின் உப்பு" என்று தொடங்கி முக்கால் பக்கம் போகும். அவர் கையில் அகப்பட்ட எல்லா விண்ணப்பத்திலும் அதைச் சேர்ப்பார். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் காவலாளிகள் தூக்கம் கெடுவதைப் பற்றி எங்கள் சிவபிரசாத் எழுதியதிலும் சேர்த்தார்.

"சார், அங்க மலைதானே இருக்கு. அலை ஏது?" என்று அவன் கேட்டான்.

"காத்துலயும் அலை உண்டுலே," என்றார் சார்.

பெபிஷாவின் விண்ணப்பம் போயிற்று. சில வாரங்களில் பதில் வந்தது. உங்கள் கேள்வி குழுவுக்குப் பிடித்திருக்கிறது என்றது முதல் வரி. இத்தனை போர்வைக்கு அடியிலும் அந்தக் கேள்வி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது பாருங்கள். இரண்டாவது வரிதான் இடி. உங்கள் விண்ணப்பத்தின் ஒரு பத்தி, உங்கள் கல்லூரியிலிருந்தே முன்பு வந்த வேறு விண்ணப்பங்களில் வரிக்கு வரி இருப்பதாக எங்கள் மென்பொருள் காட்டுகிறது. வழிகாட்டியின் கையெழுத்துடன் வெள்ளிக்கிழமை மாலைக்குள் விளக்கம் வராவிட்டால் பரிசீலிக்க முடியாது.

"என்னக் கள்ளியாக்கிட்டாவளே அண்ணே," என்றாள் என்னிடம். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாரிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்து, நிதானமாகப் படித்தார். வருத்தப்படுவார் என்று காத்திருந்தோம். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"பாத்தியா? எனக்க ஸ்டைல மெஷினே கண்டுபிடிச்சிட்டு," என்றார்.

"சார், அந்தப் பத்தி நீங்க எழுதினதுன்னு ஒரு வரி. ஒப்பு போட்டுத் தந்தா போதும் சார்."

"அதுக்கென்ன மக்கா. நீயே எழுதிக் கொண்டு வா. பாத்துத் தாறேன்."

அவள் நின்ற நிலையிலேயே தட்டச்சு செய்தாள். ஒரே வரி. "மேற்படி பத்தியை எழுதியவன் நான், பெபிஷாவுக்கு அதில் பங்கு இல்லை." கீழே ஒப்புக்கு, அதாவது கையெழுத்துக்கு, இடம் விட்டிருந்தாள்.

"கொள்ளாம்," என்றார் சார். "ஆனா 'எழுதியவன் நான்'னா மொட்டையா இருக்கு."

புதன்கிழமை அது கருத்துருவாக்கப் பங்களிப்பாளர் ஆயிற்று. வியாழக்கிழமை ஜெனீவா உள்ளே வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கடிதம் இரண்டு பக்கம். அதில் சார் பிறந்தது இருந்தது, படித்தது இருந்தது, கருத்தரங்கில் தேநீர் இடைவேளையில் எந்த நாட்டு மந்திரியோடு கைகுலுக்கினார் என்பது இருந்தது. அந்தப் பத்தியை எழுதியது யார் என்பது மட்டும் இல்லை. "இத்தகைய சிந்தனைகள் மானுடத்தின் பொதுச்சொத்து" என்று ஒரு வாக்கியம் அதை விழுங்கியிருந்தது. பெபிஷா என்ற பெயரும் இல்லை. என் மாணவர்களில் ஒருவர் என்று இருந்தது.

"சார், மணி ஆகுது சார்," என்றாள் பெபிஷா. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெனீவால இப்பத்தான் காப்பி குடிக்கான்."

"அவங்க ஆஸ்திரேலியாவில இருக்காங்க சார். அங்க சாயங்காலம் ஆகப் போகுது."

சார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "குளோபல்னா எல்லாம் ஜெனீவாதான் மக்கா. மத்ததெல்லாம் பிராஞ்ச் ஆபீஸ்."

அந்த அறக்கட்டளைக்கு ஜெனீவாவில் ஒரு தபால் பெட்டிகூடக் கிடையாது. உலகத்தை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டியவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? கடைசிப் பத்தியில் ஒரு கால்புள்ளியை எடுத்தார். மறுபடியும் வைத்தார். சாப்பிட்டு வந்து, கை கழுவி, அழகாக ஒப்பு போட்டுக் கொடுத்தார். அவள் ஓடிப் போய் அனுப்பினாள். ஆஸ்திரேலியாவில் அலுவலகம் பூட்டி விளக்கு அணைந்திருந்தது. விதிப்படி பரிசீலிக்க இயலவில்லை என்று திங்கள்கிழமை பதில் வந்தது. அடுத்த வருடம் கேட்க அவளுக்கு இளமை இல்லை.

விஷயம் தெரிந்ததும் சார் உண்மையாகவே வருந்தினார். "நல்ல கேள்வி," என்றார். "எனக்கிட்ட இன்னும் கொஞ்சம் முன்னாலயே கொண்டு வந்திருக்கணும்."

எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வரவில்லை. கெட்டவராக இருந்தால் தாளை முதல் நாளே கிழித்திருப்பார். ஒரு வரியே மிஞ்சாமல் இத்தனை அன்பாகத் திருத்த நல்லவரால்தான் முடியும். விக்டோரியா சித்தி இன்றைக்கும் தண்ணீர் குடிக்காமல்தான் சருவத்தைத் தூக்குகிறாள்.

போன மாதம் ஜிஷா என்றொரு பெண் துறையில் சேர்ந்தாள். அதே அறக்கட்டளைக்கு எழுதியதை எடுத்துக்கொண்டு பெபிஷாவிடம் வந்தாள். சாரிடம் போகாமல் தப்பித்துவிட்டாள் என்று நான் மகிழ்ந்தேன். பெபிஷா முழுவதையும் படித்தாள்.

"கொள்ளாம், ஏட்டி," என்றாள். "ஆனா…"

அவளுடைய வலது கை மேசைமேல் தானாக எதையோ தேடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. இப்பமே அனுப்பு," என்றாள். அதைச் சொல்ல அவள் பட்ட பாட்டை நான் கண்டேன்.

நீங்கள் அப்படி இல்லை. எனக்குத் தெரியும். பகவதியப்பன் சாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இதுவரை வந்திருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். பெபிஷா நின்றபடி அடித்த அந்த ஒரு வரிக் கடிதத்தைப் படித்தபோது, இதை இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதியிருக்கலாமே என்று ஒரு வாக்கியம் உங்கள் மனதில் ஓடியதல்லவா? அது நல்ல வாக்கியமாகத்தான் இருக்கும். சொல்ல வேண்டாம். மணி ஆகிறது சார், ஒப்பு மட்டும் போடுங்கள்.