ஏணியை விட்டது யார்?

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

'மாதுங்கா மடல்' பத்திரிகை ஆசிரியர் மதிப்பிற்குரிய விஜயலக்ஷ்மி அம்மா அவர்களுக்கு, எட்டாம் வகுப்பு மாணவி க. பூமாரி பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் வீட்டாரும் கிங்ஸ் சர்க்கிளில் உள்ள தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் அனைவரும் நலம். முந்தைய வரி மரியாதைக்காக எழுதியது. உண்மையில் என் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. அப்பா பக்கத்து வீட்டாருடன் பேசுவதில்லை. இரண்டுக்கும் காரணம் நான்தானோ என்று குழப்பமாக இருப்பதால்தான் கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கடிதம்.

சென்ற ஞாயிறு மதியம் எங்கள் சங்கக் கட்டடத்தில் போட்ட அந்தப் பழைய ஊமை நகைச்சுவைப் படத்துக்கு 'ரசிகர் கருத்து' எழுதித் தரும்படி சொல்லியிருந்தீர்கள். அது நன்றாக அமைந்தால் ஜூன் முதல் மாணவர் பக்கம் எனக்கே என்றும் சொன்னீர்கள். அந்தப் பக்கத்துக்காக நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இப்போது எழுதினால் காரியம் சாதிக்க எழுதியதாகத் தோன்றும், ஆகவே எழுதவில்லை. போனில் நீங்கள் சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது. "பூமாரி, நன்னா கேட்டுக்கோ. நீ படத்தைப் பாக்காதே, பாக்கறவாளைப் பாரு. படத்தை யாரு வேணா பாப்பா." நீங்கள் சொன்னபடியே செய்தேன். திரைக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். இருபது நிமிடமும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எனவே படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான்.

எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கதை இவ்வளவு. ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை எழுத ஒரு குண்டரும் ஒரு ஒல்லியரும் வருகிறார்கள். கையில் ஒரு மர ஏணி, கீழே ஒரு பீப்பாய் நிறையப் பெயின்ட். ஒல்லியர் மேலே ஏறுகிறார், குண்டர் கீழே ஏணியைப் பிடிக்கிறார். காலடியில் ஒரு வாத்து திரிகிறது. தெருவில் ஒரு போலீஸ்காரர் நடக்கிறார். பதினொன்றாம் நிமிடத்தில், எங்கள் சந்தில் அப்பளம் போடும் சாயிமா அத்தை தண்ணீர் குடிக்க எழுந்தபோது கால் ஒயரில் மாட்டி, புரொஜெக்டர் பிளக் பிடுங்கிக்கொண்டது. எங்கும் இருட்டு. "அரே, லைட்டு! லைட்டு!" என்று ஒரே கூச்சல். தன் லேப்டாப்பிலிருந்து படத்தை ஓட்டிக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் வானமாமலை ஐயா தடவித் தடவி பிளக்கைக் கண்டுபிடித்துச் செருகினார். படம் திரும்பி வந்ததும் மண்டபமே அதிர்ந்தது. என் குறிப்பில், "பதினோராம் நிமிடம்: பெருஞ்சிரிப்பு. அப்பா பக்கத்தில் இருந்த சுடலைக்கண்ணன் மாமாவின் தோளில் அடித்து அடித்துச் சிரிக்கிறார்" என்று இருக்கிறது. ஒல்லியர் கழுத்தளவு பெயின்ட் பீப்பாய்க்குள் இருந்தாராம். ஏணி தரையில் கிடந்ததாம். வாத்து அதன்மேல் நின்றதாம். ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

படம் முடிந்ததும் தாங்கள் அனுப்பிய படிவத்தைக் கொடுத்தேன். முதல் மூன்று கேள்விக்கும் எல்லாரும் "மிக நன்று" என்று போட்டார்கள். நான்காவது கேள்வி: "தங்களை மிகவும் சிரிக்க வைத்த காட்சி எது? ஏன்?" எது என்பதில் தகராறு இல்லை, எல்லாரும் "விழுந்தது" என்று எழுதினார்கள். ஏன் விழுந்தார் என்றுதான் கேட்டிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

இங்கே எங்கள் ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்களும் சுடலைக்கண்ணன் மாமாவும் மாடி வீட்டுக்காரர்கள். இரண்டு வீட்டுக்கும் சந்திலிருந்து ஒரே இரும்பு ஏணி. சுவரோடு ஒட்டி நேராக நிற்கும். மாமா மாடியில் இட்லி அவித்துக் காலையில் விற்கப் போவார். அப்பா வீட்டிலேயே கைப்பைகளுக்குத் தோல் வெட்டிக் கட்டுக்கட்டாகக் கடைக்குக் கொண்டுபோவார். சுமையோடு இறங்குகிறவர் மேலிருந்து "ஏணி!" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர், யாராக இருந்தாலும், என்ன வேலையாக இருந்தாலும் வந்து முதல் படியில் ஒரு காலை வைத்து இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். சந்தில் இது சட்டம் மாதிரி. ஆகவே படத்தில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்ததும் எங்கள் ஆட்களுக்கு அது வேடிக்கையாக மட்டும் இருக்கவில்லை.

அப்பா படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டே சொன்னார்: "பிடிக்கேன்னு நின்னவன் வாத்தைப் பாத்ததும் கைய விட்டுட்டு ஓடுதான். பெறவு மேல நிக்கவன் என்ன செய்வான், பறப்பானா?"

"அண்ணாச்சி, அவன் கைய விடல. கண்ணால பாத்தேன்" என்றார் சுடலைக்கண்ணன் மாமா. "ஒரு கையாலதான் வாத்தை வெரட்டுதான், மத்த கை ஏணியிலதான் இருக்கு. எறங்குதவன் ஒரு கொரல் குடுத்தானா?"

"ஊமைப் படத்துல எங்கவே கொரல் குடுக்க?"

"வாயாவது அசையணும்லா?"

"அசைஞ்சுது. 'ஏணி, ஏணி'ன்னு ரெண்டு மட்டம் அசைஞ்சுது."

"வெள்ளைக்காரன் 'ஏணி'ன்னா சொல்லுவான்?"

சாயிமா அத்தை இடையில் புகுந்தார். "அரே, அவங்க ரெண்டு பேரையும் ஏன் திட்டுதீய? வாத்தை அவுத்து விட்டவனுக்க கலத்தி, அவன் தப்பு அது. கட்டிப் போட வேண்டாமா?"

நான் மூன்றையும் வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன், நல்ல கருத்துகளாக இருக்கின்றனவே என்ற சந்தோஷத்தில். அப்போது அப்பா, "பிப்ரவரி மாசம் ஒருத்தரு போன்ல பேசிக்கிட்டே நமக்கு ஏணி பிடிச்சாரு. ரெண்டு படி சறுக்குனேன். அன்னைக்கு வாயத் தொறந்தேனா?" என்றார். மாமா, "அன்னைக்கும் நீரு கொரல் குடுக்கல!" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வழியாக வீட்டுக்குப் போனார்கள். இருப்பது ஒரே வழி என்பதால் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, பேசாமல் போனார்கள்.

அன்றிலிருந்து யாருக்கும் யாரும் ஏணி பிடிப்பதில்லை. திங்கட்கிழமை காலை மாமா குரல் கொடுக்க மனமில்லாமல் சாம்பார்ப் பாத்திரத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார், அது பாதியில் சாய்ந்து கீழே அப்பா அடுக்கியிருந்த தோல் கட்டின்மேல் கொட்டியது, கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார், செவ்வாய்க்கிழமை அப்பாவும் குரல் கொடுக்க மனமில்லாமல் தோல் கட்டை மேலிருந்தே போட்டார், அது சாயிமா அத்தை காய வைத்திருந்த அப்பளக் கூடைகள்மேல் விழுந்தது, புதன்கிழமை அத்தை, "இனி இந்த ஏணி எவனுக்கும் கெடயாது, பந்த்!" என்று சொல்லி நொறுங்கிய கூடைகளையெல்லாம் ஏணிக்கு அடியிலேயே அடுக்கிவிட்டார், வியாழக்கிழமை அம்மா வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று மூன்றாம் படியிலிருந்து கூடையைத் தாண்டிக் குதித்தார். அதில்தான் கணுக்கால். அம்மா தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். இரண்டு வீட்டு வாசலிலும் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். "ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுதான் இருந்தீயளா?" என்று மட்டும் கேட்டார். நான் மேலிருந்து இறங்க வழி தெரியாமல் அழுதேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து, கூடைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நான்தான் எல்லாருக்கும் ஏணி பிடிக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, முதல் படியில் காலை வைத்து, வரலாற்றுப் புத்தகத்தை ஏணிக்கு நடுவில் செருகிப் படித்துக்கொண்டே நிற்கிறேன். ஆனால் என் எடை முப்பத்திரண்டு கிலோ. இட்லிப் பாத்திரத்தோடு மாமா இறங்கும்போது ஏணி என்னையும் சேர்த்து ஆடுகிறது.

இதற்கொரு முடிவு வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால், எங்கள் ஏணியைச் செய்த குர்லா வெல்டர் ஜெயினுலாப்தீன் பாயின் வார்த்தைக்குக் கட்டுப்படுவதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பாய் நேற்று வந்தார். படத்தை அவர் பார்க்கவில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைக்கவும் இல்லை.

"படத்துல இருந்த ஏணிக்கு எத்தனை படி?" என்று கேட்டார்.

"பதினாலு" என்றார் அப்பா. "பதினொண்ணு" என்றார் மாமா.

"அடியில ரப்பர் இருந்துச்சா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் புரட்டினேன். ரப்பரைப் பற்றி எந்த முகத்திலும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"எவன் பிடிச்சா என்ன, விட்டா என்ன? ஏணியைக் கொஞ்சம் வெளிய தள்ளிச் சாய்ச்சு வைக்கணும். செவத்தோட ஒட்டி நட்டுக்க நிறுத்துனா விழத்தான் செய்வான். அதை அப்பிடி நிறுத்துன பயலத்தான் ஒதைக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், எதிரே எங்கள் ஏணியைப் பார்த்தார். அதை நிறுத்தியது அவர்தான். டீயைக் குடித்துவிட்டு, குர்லாவில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஆசிரியர் அம்மா, நான் அகராதி பார்த்தேன். கருத்து என்றால் எண்ணம், அபிப்பிராயம் என்றிருக்கிறது. சிரித்த ஒரு விஷயத்தைப் பற்றி ஏன் சிரித்தோம் என்று கேட்டால் மனிதர்கள் சண்டை போடுவார்கள் என்று எங்கும் இல்லை. சிரிப்பு பொய்யா, சண்டை பொய்யா என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே அடுத்த இதழில், பெட்டி கட்டி, 'ஆசிரியர் தீர்ப்பு' என்ற தலைப்பில், ஏணியை விட்டது யார் என்று ஒரே ஒரு வரி அச்சிட வேண்டுகிறேன். அச்சில் வந்ததை எங்கள் சந்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். மாணவர் பக்கத்தை வேறு யாருக்குக் கொடுத்தாலும் வருத்தமில்லை. (கொஞ்சம் இருக்கும்.) ஆனால் இந்த ஒரு வரி சீக்கிரம் வர வேண்டும், என் அம்மா இன்னொரு முறை குதிப்பதற்குள்.

தங்களுக்கும் தங்கள் பத்திரிகைக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கவும், தங்கள் வீட்டில் லிஃப்ட் என்றும் பழுதாகாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
க. பூமாரி

பின்குறிப்பு: திங்கள் மாலை எழுதுவது. தீர்ப்பு அச்சிட வேண்டாம். படத்தைப் பார்க்காமல் தீர்ப்புக் கேட்பது முறையல்ல என்று தோன்றியதால் இன்று வானமாமலை ஐயாவின் லேப்டாப்பில் நானே பார்த்தேன். படத்தில் யாருமே விழவில்லை. நம்ப முடியாமல் மூன்று முறை பார்த்தேன். போலீஸ்காரர் வருவதைக் கண்டு ஒல்லியர் ஒவ்வொரு படியாக இறங்குகிறார். குண்டர் முதல் படியில் ஒரு காலை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், எங்கள் சந்தில் பிடிப்பது போலவே. பிறகு இருவருமாகத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல ஏணியைத் தரையில் கிடத்துகிறார்கள். ஒளிய இடம் தேடி ஒல்லியர், பெயின்ட் இருப்பதை மறந்து, தானாகவே பீப்பாய்க்குள் இறங்குகிறார். பிளக் பிடுங்கிக் கிடந்த நேரத்தில் லேப்டாப் நிற்காமல் ஓடியிருக்கிறது. இதெல்லாம் அந்த இருட்டுக்குள் நடந்து முடிந்துவிட்டது.

ஓடிப்போய் அப்பாவிடமும் மாமாவிடமும் சொன்னேன். இருவரும் சங்கத்துக்கு வந்து, அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் அப்பா, "வெட்டிட்டானுவ" என்றார். "ஆமா அண்ணாச்சி, அவ்வளவு பெரிய சீனை அப்பிடியே தூக்கிட்டானுவளே" என்றார் மாமா. வழிநெடுக இருவரும் அதே பேச்சாக வந்தார்கள். விழுகிற காட்சியை வெட்டியது யார் என்று 'மாதுங்கா மடல்' விசாரித்து எழுத வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. படத்திலேயே தத்ரூபமான காட்சி அதுதானாம். இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சந்துக்கு வந்ததும் பிளக்கை நினைவுபடுத்தலாம் என்று வாயெடுத்தேன். அப்போது மேலே அம்மா, நொண்டிக்கொண்டே, "ஏணி!" என்றார். அப்பா ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பிளக் பேச்சை எடுக்காமல் நோட்டை மூடிவிட்டேன்.