சொல்தா இழைத்த ஜன்னல் சட்டம்

புதுச்சேரியில் மரத்துக்குப் பெரிய எதிரி கரையான்தான் என்று நினைப்பவர்கள், சொல்தாவின் கையில் இழைப்புளியைப் பார்த்ததில்லை. கரையானாவது வயிறு நிறைந்தால் நிறுத்திக்கொள்ளும்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இந்தச் சொல்தாவின் பிள்ளைகள் பாரிசில். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், தட்டாஞ்சாவடியில் கட்டட மரவேலை சொல்லித்தரும் பயிற்சி மையத்தில் வந்து சேர்ந்தார். நாங்கள் பிழைப்புக்காக வந்தோம். அவர் பொழுதுபோக வந்தார். இருபது பேர் இருந்த வகுப்பில் அவரைக் கொண்டுவந்து என்னோடு ஜோடி சேர்த்தார்கள். நான் யாருக்கு என்ன பாவம் செய்தேனோ!

மரவாடிக்குப் போனால் பலகையை முகத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் இவர் துப்பாக்கியில் குறி வைத்தவர் போல, எதிரி வரும்வரை காத்திருப்பார். கடைசியில் பிரெஞ்சில் “நோன்”, வேண்டாம் என்று கீழே வைப்பார். பதினோராவது பலகைக்கு மரவாடி பாய் பொறுமை இழந்தார்.

“மாப்ள பாக்க வர்றவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க சார்!”

“மாப்ள முறுக்கிக்கிட்டா பேசி சரி பண்ணிடலாம் பாய். மரம் முறுக்கிக்கிட்டா என்னா பண்ணுவீங்க?”

அன்று வெறுங்கையோடு திரும்பினோம். மற்ற ஜோடிகள் அறுத்து, இழைத்து முடித்து, டீயும் குடித்திருந்தார்கள்.

பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஜன்னலுக்குச் சட்டம் செய்ய வேண்டும். சான்றிதழோடு வந்தால் மறுநாளே வேலை என்று பக்கத்துக் கதிர்காமத்தில் ஒரு மேஸ்திரி சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக வீட்டில் சும்மா உட்கார்ந்து பேச்சு வாங்கியவன் நான். இதில் தோற்றால் அவ்வளவுதான்.

அறுப்பது நான், இழைப்பது அவர். ஒவ்வொரு சட்டமும் மூன்று அங்குல அகலம் இருக்க வேண்டும். சொல்தா கோணம் சரியா என்று மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்ததாம். இழைத்தார். இப்போது எதிர்ப்பக்கம் தெரிந்ததாம்.

“அங்கிள், போதும்! அளவு கொறையுது.”

“இரு தம்பி. வெளிச்சம் தெரியுது பாரு.”

“ஜன்னல்னா வெளிச்சம் வரத்தான செய்யும்? விடுங்க அங்கிள்!”

மற்ற சட்டங்களில் துளை அடித்துவிட்டுத் திரும்பினேன். முழங்கால் வரை மரச்சுருள். நடுவில் சொல்தா. கையில், எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரியாத, அப்பழுக்கில்லாத இரண்டு அங்குலக் குச்சி! எனக்கு அழுகையும் வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது. இரண்டாவதை மட்டும் வெளியே விட்டேன்.

தேர்வாளர் வந்து குச்சியைத் தூக்கிப் பார்த்தார். “யாரு செஞ்ச வேலைப்பா இது?”

நான் வாய் திறப்பதற்குள் சொல்தா விறைப்பாக நின்றார். “நாந்தான் சார். தம்பி போதும்னுதான் சொல்லிச்சு, நான் கேக்கல. எனக்கு ஃபெயில் போடுங்க. தம்பிக்கு வேற கட்டை குடுங்க, தனியா செய்யட்டும்.”

தேர்வாளர் யோசித்து, ஒரு மணி நேரம் கொடுத்தார். நான் அறுத்தேன், இழைத்தேன். என் சட்டத்தின் இடுக்கில் வெளிச்சம் என்ன, வெயிலே தெரிந்தது. சொல்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ராணுவத்தில் அவர் என்ன வீரம் காட்டினாரோ தெரியாது, இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது.

நான் தேறினேன். தோற்றுப்போன சொல்தா அடுத்த வகுப்பில் முதல் ஆளாகச் சேர்ந்தார். அந்த ஆளோடு இன்னொரு முறை ஜோடி சேரச் சொன்னால், முடியவே முடியாது என்று கத்துவேன். கத்திக்கொண்டே போய் அவர் பக்கத்தில் நிற்பேன்.