முன்கூட்டியே கிண்டிய அல்வா

கிங்ஸ்பரியில் ரொட்டி அண்ணை ஊற்றும் டீக்குப் 'போதும்' சொல்லித் தப்பித்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

ஆப்கானிஸ்தான்காரர். முழ நீள ரொட்டி சுட்டு விற்பவர். லண்டனில் அவருக்கு முதல் வேலை கொடுத்தது ஒரு யாழ்ப்பாணத்தவரின் மளிகைக் கடை. அதனால் எல்லோரையும் 'அண்ணை' என்றழைத்து அவர் பேசும் யாழ்ப்பாணத் தமிழுக்கு முன் மதுரைக்காரனான நான் வாயை மூடிக்கொள்வேன். கப்பைக் காலி செய்வது என் மரியாதை. காலிக் கப்பை நிரப்புவது அவர் ஊர் மரியாதை. முதல் நாள் இரண்டும் மோதியதில், ஒன்பது கப் ஏலக்காய் டீயோடு மிதந்தபடி வீடு சேர்ந்தேன்.

ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் யாரோ ரொட்டித் துண்டைத் தவறவிட்டார்கள். ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கி, அதை எடுத்து முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி, மதில்மேல் வைத்தார் அண்ணை. டிரைவர் உட்பட அத்தனை பேரும் காத்திருந்தோம்.

"காலில மிதிபடக் கூடாது அண்ணை. குருவி தின்னட்டும்."

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, ரொட்டிமேல் அல்வா வைத்து நீட்டினார்.

"அம்மா செத்து இண்டையோட ஒரு வருசம். சாப்பிடுங்கோ, புண்ணியம் அவவுக்குப் போய்ச் சேரும்."

இறந்தவர் பெயரில் அல்வா கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். உருக்கமாகத்தான் சாப்பிட்டேன். அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள்.

சின்ன ஆபரேஷன், மாலையே வீடு திரும்பலாம் என்றார் டாக்டர். நான் உயில் எழுதினேன். வை-பை பாஸ்வேர்டை மனைவியை மூன்று முறை ஒப்பிக்க வைத்தேன். காலையில் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், அண்ணையின் ரொட்டிக் கடைக்குள் அண்டா நிறைய அல்வா!

"யாருக்கு அண்ணே?"

"உங்களுக்குத்தான் அண்ணை."

சட்டைப்பையில் உயில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"நான் இன்னும் போகவே இல்லையே!"

"ஓம், ஓம். அதுதான் அவசரமாக் கிண்டுறன்."

"ஏங்க, அவர் சொல்றத முழுசா கேளுங்க" என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நேர்த்தி வைச்சனான் அண்ணை. நீங்க சுகமா வரவேணும் எண்டு."

"வேண்டுதலை நான் வந்தப்புறம்தானே நிறைவேத்தணும்?"

"பிறகு எண்டால் கடவுள் அவசரமில்லாமல் ஆறுதலா யோசிப்பார். இப்பவே ஊருக்குக் குடுத்திட்டால் அவருக்கு வேற வழி இல்லை."

மாலை திரும்பியபோது, அல்வா சாப்பிட்ட பாதித் தெரு என்னைப் பேயைப் போலப் பார்த்தது.

போன மாதம் அண்ணைக்கு நெஞ்சில் அடைப்பு. சிகிச்சைக்குப் போகும்போதும் பிசைந்த மாவைப் பற்றித்தான் கவலைப்பட்டார். மளிகைக் கடைக்கு ஓடியது நான்தான். ரவையை வாங்கிவந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அல்வா கிண்டினேன். கருங்கல் போல் வந்தது. வீடு வீடாகக் கொடுத்தேன்.

"ஐயோ, ரொட்டி அண்ணை போயிட்டாரோ?" என்று பதறினார் பக்கத்து வீட்டு அக்கா.

"இல்லைங்க. போகக் கூடாதுன்னுதான்."

மூன்றாம் நாள் அவர் வீடு திரும்பினார். என் அல்வாவில் ஒரு துண்டைக் கடித்து, வெகுநேரம் மென்றார்.

"தின்ன ஏலாது அண்ணை. ஆனால் வேலை செய்திருக்கு."

ஏலாது என்றவர் தட்டை வழித்துத் தின்று முடித்தார். அவருடைய டீக் கப் காலியாக இருந்தது. நிரப்பினேன்.